கருவறைக்குக் காவலர் யார்?

குழந்தையொன்று கண்ணில் புரையோடோ, செவிப்புலன் இன்றியோ, இதயக் குறையோடோ பிறந்துவிட்டால், சுற்றியிருப்போர் மருத்துவரைத் தேடுமுன் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர். கருவுற்றிருக்கையில் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்பார் ஒருவர். பெரியோர் சொல்லைக் கேளாமல் அந்திவேளையில் வெளியே சென்றாள் என்பார் மற்றொருவர். முன்னோர் செய்த பாவம் என்று பெருமூச்செறிவார் இன்னொருவர். எப்படிச் சுற்றி வந்தாலும் பழி இறுதியில் தாயின் தலையிலேயே வந்து விடிகிறது. பெற்ற நோவோடு பழியின் நோவையும் சுமந்து நிற்கும் தாய்மார்கள் நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை.

இக்கேள்வி மிகப் பழையது. அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இதற்குக் காரணமான பாவத்தைச் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் வினவுகின்றனர். இருவர் மேலும் பழியில்லை என்று ஆண்டவர் அவ்வினாவையே புறந்தள்ளிவிட்டு, அம்மனிதனுக்குப் பார்வை தருகிறார். பழி தேடுவதை விடுத்து ஆவன செய்க என்னும் பாடம் அச்செயலில் அடங்கியிருக்கிறது. கருவுற்ற தாயையும் அவள் வயிற்றுச் சேயையும் நுண்ணுயிர்கள் எவ்வாறு தாக்குகின்றன, இறைவன் அமைத்த காவல் எவ்வாறு இயங்குகிறது, அக்காவலில் நமக்குரிய பங்கு யாது என்பவற்றை அப்பாடத்தின் ஒளியில் ஈண்டுக் காண்போம்.

சிட்னி நகரின் கண் மருத்துவர்

1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் என்னும் கண் மருத்துவரிடம் கண்புரையோடு பிறந்த கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. கண்புரை பெரும்பாலும் முதியோருக்கு வருவது. பச்சிளங் குழந்தைகளிடம் காண்பது அரிது. அரிதான ஒன்று இத்தனை வீடுகளில் ஒரே காலத்தில் தோன்றுவானேன் என்று அவர் சிந்தித்தார். பரம்பரைக் குறை என்று கூறுவதற்கும் இடமில்லை. பரம்பரைக் குறை இவ்வாறு நாள் குறித்துக்கொண்டு ஊரெங்கும் தலைகாட்டுவதில்லை. மருத்துவரைக் காணக் காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து அவருக்குத் துப்புக் கிடைத்தது என்பர். கருவுற்ற தொடக்கத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாக அவர்கள் பேசிக்கொண்டனராம்.

ரூபெல்லா என்றும் வழங்கும் அந்நோய் 1940-இல் ஆஸ்திரேலியாவில் பெருவாரியாகப் பரவியிருந்தது. அது மிக எளிய நோய். சிறு காய்ச்சல், செந்நிறத் தடிப்பு, காதின் பின்புறத்தில் நெறிகட்டுதல். மூன்று நாட்களில் எல்லாம் மறைந்துவிடும். பலர் அது வந்து போனதையே உணர்வதில்லை. கிரெக் தம் மருத்துவத் தோழர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 68 குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கருக்காலத்தில் ஜெர்மன் தட்டம்மை கண்டிருந்தது. குழந்தைகளில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. 1941 அக்டோபரில் கண் மருத்துவர்களின் கூட்டமொன்றில் இதனை அவர் எடுத்துரைத்தார். நஞ்சுக்கொடியை நோய் ஊடுருவ முடியாத கோட்டையாகக் கருதிவந்த அக்காலத்து அறிஞர் சிலர் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தியதோடு, செவிட்டுத்தன்மையையும் பட்டியலில் சேர்த்தன.

1964, 1965-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்நோய் மீண்டும் பரவியபோது, ஏறத்தாழ 20 ஆயிரம் குழந்தைகள் இக்குறைகளோடு பிறந்தனர். ஆயிரக்கணக்கான சிசுக்கள் கருவிலேயே மாண்டன. கருவுற்ற தொடக்க வாரங்களில் தாய்க்கு ரூபெல்லா கண்டால், பத்தில் ஒன்பது சேய்களுக்கு அது பரவக்கூடும் என்று இன்று அறிகிறோம்.

அத்தாய்மார்கள் எந்தக் கிரகணத்தையும் பார்த்தவர்கள் அல்லர். எந்தத் தவறும் இழைத்தவர்களும் அல்லர். அண்டை வீட்டுச் சிறுவன் இருமியபோது அருகில் நின்றிருக்கலாம், அவ்வளவே.

உறங்காத படை

தாயின் உடலிலுள்ள நோய் எதிர்ப்பாற்றல் இக்கிருமியை ஏன் தடுக்கவில்லை என்று நாம் கேட்கலாம். அதனினும் வியப்பான கேள்வி ஒன்று உண்டு. சேயின் பாதி தந்தையிடமிருந்து வந்தது. ஆகவே தாயின் உடலுக்கு அது ஒருவகையில் அந்நியமானது. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால், வலிய மருந்துகள் இல்லாவிடின் உடல் அதனை அழித்துவிடுகிறது. அதே உடல் சேயை மட்டும் ஒன்பது மாதங்கள் சுமப்பது எங்ஙனம்? பீட்டர் மெடாவர் என்னும் ஆங்கிலேய அறிவியலார் 1953-இல் இவ்வினாவை எழுப்பினார். உறுப்பு மாற்றத்தில் எதிர்ப்பாற்றல் செயற்படும் முறையை ஆராய்ந்தமைக்காக 1960-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றவர் அவர்.

இதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லையெனினும் பெரும்பகுதி தெளிவாகியுள்ளது. நஞ்சுக்கொடியில் தாயின் குருதியைத் தொட்டு நிற்கும் உயிரணுக்கள், தந்தைவழி அடையாளங்களை வழக்கமான முறையில் வெளிக்காட்டுவதில்லை. கருப்பையில் கூடும் தாயின் எதிர்ப்பணுக்களோ, தாக்குவதை விடுத்து, நஞ்சுக்கொடிக்குக் குருதி பாய வேண்டிய நாளங்களை விரித்துத் தரும் பணியில் துணைநிற்கின்றன. தாக்குதலை அடக்கியாளும் வேறுவகை அணுக்களும் அங்கே பெருகுகின்றன. கர்ப்பிணியின் எதிர்ப்பாற்றல் உறங்கிவிட்டது என்று முன்பு எண்ணினர். அது சரியன்று. படை விழித்தே இருக்கிறது. அதற்கு இடப்பட்ட கட்டளைதான் மாறியிருக்கிறது.

எனினும் இம்மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. வளரும் கருப்பை நுரையீரலை நெருக்குகிறது. இதயத்தின் உழைப்பு மிகுகிறது. சில கிருமிகளுக்கு எதிரான தாக்குதல் தளர்கிறது. இதனால் ஃபுளு காய்ச்சலும் மலேரியாவும் கர்ப்பிணிகளை மற்றவர்களினும் கடுமையாக வாட்டுகின்றன. கழிவு கலந்த குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்னும் மஞ்சள் காமாலை, பிறருக்குப் பெரும்பாலும் தானே குணமாகும் நோய். கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது கண்டால், நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து தாய்மார்கள்கூட உயிரிழக்கக்கூடும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் கைவைத்தியத்தோடு நாளைக் கடத்தலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

கடனாய்த் தந்த கவசம்

தாய் சேய்க்கு உணவும் உயிர்க்காற்றும் மட்டும் தருவதில்லை. தான் வாழ்நாளில் சம்பாதித்த நோய்த்தடுப்பையும் தருகிறாள். தான் வென்ற நோய்களுக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும் எதிராக அவள் குருதியில் உருவான எதிர்ப்புப் பொருள்களில் ஒரு வகையை, நஞ்சுக்கொடி கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோல் சேயிடம் கடத்துகிறது. இப்பணி நான்காம் மாத அளவில் தொடங்கி, கடைசி நான்கு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் குருதியில் இவ்வகை எதிர்ப்புப் பொருள் தாயிடம் இருப்பதற்கு நிகராகவோ, சற்று மிகையாகவோ இருக்கும். குறைமாதக் குழந்தைகள் நோய்க்கு எளிதில் இரையாவதன் காரணங்களுள் ஒன்று, இக்கொடை முற்றுப்பெறுமுன் அவை பிறந்துவிடுவதே.

இக்கவசம் கடன் பொருள். சில மாதங்களில் கரைந்துவிடும். நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசியைக் குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் போடுவதன் காரணமும் இதுவே. தாய் தந்த எதிர்ப்புப் பொருள் மிகுந்திருக்கும்போது ஊசி போட்டால், ஊசியின் பயன் குறையும். மிகவும் தாமதித்தாலோ, நோய் முந்திக்கொள்ளும்.

நஞ்சுக்கொடி அறுந்தபின் இப்பணியைத் தாய்ப்பால் ஏற்கிறது. முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில், குழந்தையின் குடற்சுவரைக் காக்கும் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. அந்தச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியே ஊற்றிவிட்டு, சேய்க்குச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப் பாலோ புகட்டும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. சேய்க்கென்று இறைவன் வைத்த முதல் மருந்தை நாமே மண்ணில் கொட்டுவது எத்துணைப் பேதைமை!

நுண்ணுயிர்கள் அனைத்தும் பகைவர் அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தாயின் பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள், தாம் உண்டாக்கும் அமிலத்தால் தீய கிருமிகளைத் தடுக்கின்றன. பிறக்கும்போதும் பாலருந்தும்போதும் சேய் தாயிடமிருந்து பெறும் நுண்ணுயிர்கள், அதன் குடலில் குடியேறிச் செரிமானத்திற்கும் எதிர்ப்பாற்றலின் பயிற்சிக்கும் துணைபுரிகின்றன.

கையால் வந்த சாவு

சேயைக் காப்பவை நஞ்சுக்கொடியும் பாலும் மட்டுமல்ல. தாயைத் தொடும் கைகளும்தாம். இதை உலகிற்கு உணர்த்தியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அங்கேரிய மருத்துவர். வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் பேறுகாலப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பேறு பார்த்தனர். 1846-இல் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் வீதம் மாண்டனர். மருத்துவச்சிகளின் பிரிவில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. சவங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு மருத்துவர்கள் தாய்மார்களைத் தொட்டதே காரணம் என்று உணர்ந்த செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென்று விதித்தார். 1848-இல் முதற்பிரிவின் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. கிருமிகள் நோயை விளைவிக்கின்றன என்பது அன்று நிறுவப்படவில்லை. ஆயினும் கை கழுவியது பல்லாயிரம் தாய்மாரைக் காக்கும் வழியைக் காட்டியது.

நம் நாட்டில் இதற்கு ஒப்பாக நிகழ்ந்தது இரண ஜன்னி ஒழிந்த வரலாறு. டெட்டனஸ் எனப்படும் இந்நோயின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. துருப்பிடித்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்துக் கட்டிய வீடுகளில், பிறந்த சில நாட்களில் குழந்தை பால் குடிக்க வாய் திறவாமல், உடல் வில்லாய் வளைந்து இறந்தது. பேய் பிடித்தது என்றும், பட்சிதோஷம் என்றும் மக்கள் அழுதனர். 1988-இல் மட்டும் உலகெங்கும் 7 இலட்சத்து 87 ஆயிரம் சிசுக்கள் இந்நோயால் மாண்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியின் எதிர்ப்புப் பொருள் சேயையும் காக்கிறது என்னும் உண்மையும், தூய்மையான பேறுகாலமும் சேர்ந்து இக்கொடுமையை அடக்கின. தாய்சேய் இரண ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது. ஆயின் வித்துக்கள் மண்ணில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பும்.

நம் மகளிர் அறிய வேண்டுவது

ரூபெல்லாவுக்கு 1969-இல் அமெரிக்காவில் தடுப்பூசி புழக்கத்திற்கு வந்தது. நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. அப்போது உலவிய வதந்திகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட பெற்றோரும் உண்டு.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 2017-இல் 15 வயதைக் கடந்திருந்த பெண்கள் அவ்வியக்கத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். அவர்களே இன்று மணமேடைக்கு வருவோரும், இளந்தாய்மாரும். சிலர் தனியார் மருத்துவரிடம் ஊசி பெற்றிருக்கலாம். சிலருக்கு இளமையில் நோயே வந்து தடுப்பாற்றல் உண்டாகியிருக்கலாம். இரண்டும் இல்லாதவர்களும் இருப்பர். குருதிச் சோதனை ஒன்றால் இதனை அறியலாம். தடுப்பாற்றல் இல்லையெனில், திருமணத்திற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம். கருவுற்றபின் இவ்வூசி போடக்கூடாது. போட்டுக்கொண்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆதலால் இதற்குரிய காலம் திருமணத்திற்கு முந்திய காலமே.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு மனச்சான்றைச் சார்ந்த ஐயம் ஒன்றும் எழலாம். 1960-களில் கருச்சிதைவு செய்யப்பட்ட சிசுவின் திசுவிலிருந்து வளர்த்த உயிரணுக்களில் இத்தடுப்பூசி தயாராகிறது என்பது உண்மை. இதனை வாழ்வுக்கான திருப்பீடக் கழகம் ஆராய்ந்தது. மாற்று ஊசி இல்லாதவிடத்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பெருந்தீங்கினின்று காக்க இதனைப் பயன்படுத்தலாம் என்றும், குற்றமற்ற முறையில் தயாரிக்கும் ஊசிக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை என்றும் 2005-இல் அது விளக்கியது. மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளைத் தெளிந்த மனச்சான்றோடு பயன்படுத்தலாம் என்று 2017-இல் மீண்டும் தெரிவித்தது. கருவிலிருக்கும் உயிரைக் காப்பதில் உறுதியாய் நிற்கும் நாம், கருவிலேயே உயிரைப் பறிக்கும் ஒரு கிருமிக்கு வழிவிட்டு நிற்பது பொருந்துமா?

கணவர்க்கு ஒரு சொல்

மேகநோயாகிய சிபிலிஸ், எய்ட்சுக்குக் காரணமான கிருமி, ஹெபடைடிஸ் பி ஆகியவையும் தாயிடமிருந்து சேயை அடையக்கூடியவை. இவற்றைக் கண்டறியும் குருதிச் சோதனைகளைக் கருக்காலத்தின் தொடக்கத்திலேயே செய்துகொள்வது இன்றியமையாதது. சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி நல்ல மருந்து. காலத்தே போட்டால் சேயும் தப்பும். எய்ட்சுக் கிருமி, மருந்தில்லாவிடின் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளைப் பற்றக்கூடும். முறையாக மருந்துண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். ஹெபடைடிஸ் பி நோய்க்குப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும்.

இச்சோதனைகளில் நோய் தெரியவந்தால், மனைவியை ஏசித் தாய்வீட்டிற்கு அனுப்பும் கணவர்கள் உண்டு. நோயைக் கொணர்ந்தவர் பல வேளைகளில் அக்கணவரே. அவரும் சோதித்து மருந்துண்ணாவிடின், குணமான மனைவியை நோய் மீண்டும் பற்றும். தலைகுனிய வேண்டிய செயல் சோதனைக்கு வருவதன்று, வர மறுப்பதே.

இல்லத்தார் செய்யத்தக்கவை

கர்ப்பிணி உள்ள வீட்டில் குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். பாலைக் காய்ச்சாமல் தராதீர்கள். இறைச்சி நன்கு வேக வேண்டும். கீரையும் காயும் பழமும் நன்கு கழுவப்பட வேண்டும். பூனையின் கழிவை அகற்றும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். அதிலும் பச்சை இறைச்சியிலும் உள்ள ஒரு நுண்ணுயிர் சேயின் கண்ணையும் மூளையையும் தாக்கவல்லது. கொசுவலை இல்லாமல் அவளை உறங்க விடாதீர்கள். அம்மை கண்ட வீட்டிற்கு அவள் செல்ல வேண்டா. அறியாமல் சென்றிருந்தால் உடனே மருத்துவரிடம் கூறட்டும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றை வெட்கத்தாலோ, மாமியார் என்ன சொல்வாரோ என்னும் அச்சத்தாலோ மறைக்க வேண்டா. மருத்துவர் கூறும் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும். குழந்தை பிறந்தபின், பார்க்க வருவோர் கை கழுவாமல் தொடாதிருக்கட்டும். சளியும் இருமலும் உள்ளோர் சில நாள் பொறுத்து வரட்டும்.

இவற்றுள் எதுவும் தாய் தனித்துச் செய்யக்கூடியதன்று என்பதைக் கவனியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் மாமியார், சோதனைக்கு உடன்வரும் கணவர், தம் பிள்ளைக்குத் தவறாமல் ஊசி போடும் அண்டை வீட்டார், கை கழுவும் செவிலியர் ஆகிய அனைவரும் அவள் கருவறைக்குக் காவலர்களே. ஊரில் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றுவிட்டால், ஊசி பெறாத ஒரு கர்ப்பிணியிடம் கிருமி வந்துசேரும் வழியே அடைபட்டுவிடுகிறது.

எலிசபெத்தம்மாள் முதிர்ந்த வயதில் கருவுற்றிருக்கிறார் என்று அறிந்த மரியன்னை, மலைநாட்டிற்கு விரைந்து சென்று ஏறத்தாழ மூன்று மாதங்கள் உடன் தங்கினார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். தாமும் கருவுற்றிருந்த காலத்திலேயே அவர் அப்பணியை மேற்கொண்டார். நம் பங்குகளில் மரியாயின் சேனையினரும் மாதர் சங்கத்தாரும் கருவுற்ற சகோதரிகளின் வீடுகளுக்குச் செல்லும்போது, செபமாலையோடு இச்செய்திகளையும் எடுத்துச் செல்லலாம். திருமண ஆயத்த வகுப்புகளில் மருத்துவர் ஒருவரையோ செவிலியர் ஒருவரையோ அழைத்து, ரூபெல்லாத் தடுப்பூசி பற்றியும் குருதிச் சோதனைகள் பற்றியும் ஒரு மணி நேரம் பேசச் செய்யும்படி பங்குத்தந்தையரை வேண்டிக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரம், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் கண்ணொளியாய் அமையக்கூடும்.